பட்டாணிக்குப் பிடிக்காத கிறிஸ்துமஸ் வழக்கம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் உன் அப்பாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டுதான் தினமும் படுக்கிறேன். உடம்பு நலம் என்று எழுதிவிட்டேன், மனசு எப்படி இருக்கிறது என்று நீ கேட்கமாட்டாய், ஆனாலும் அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் முக்கியமான பேச்சை எடுத்ததும் உனக்கு அங்கே சிக்னல் போய்விடுகிறது, அம்மா கேக்கல, அப்புறம் கூப்பிடுறேன் என்கிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். முழுசாகப் படி.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, மாடிப்படி ஏறும்போது மட்டும் ரயில் நின்று நின்று போகிற மாதிரி போகிறார், இத்தனை வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவர் அல்லவா, பழக்கம் விடவில்லை என்று நான் கேலி செய்வேன். கீழே என் தையல் கடையில் பண்டிகைக்கு முன்னால் தலை நிமிர நேரமில்லை, வருஷா வருஷம் டிசம்பரில் இடுப்பைப் பிரித்துவிடச் சொல்லி ஆள் ஆளாக வருகிறார்கள், ஜனவரியில் பிடித்துக் கொடுங்கள் என்று ஒருத்தரும் வருவதில்லை. நானும் இந்தத் தடவை வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்லி மரமும் வேண்டாம் குடிலும் வேண்டாம் என்று இருந்தேன், அப்பாதான் பரணில் இருந்து பெட்டியை இறக்கச் சொல்லி பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வந்து பால்கனியில் நட்சத்திரத்தைக் கட்டிவிட்டார். பேத்தி பட்டாணி வருவாள், வாசலில் இருட்டாக இருந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல.

ஆமாம், வந்தார்கள். நீ போன பிறகும் ஒரு கிறிஸ்துமஸுக்குக் கூட அவர்கள் வராமல் இருந்ததில்லை, அது உனக்கும் தெரியும். அவளை இந்தக் கடிதத்தில் என்ன என்று எழுதுவது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன், உன் மனைவி என்று எழுதினால் நீ முகம் சுளிப்பாய், வேறு எப்படி எழுதவும் எனக்கு மனசு வரவில்லை, எனக்கு அவள் மருமகள், அப்படியே எழுதுகிறேன். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னாலேயே பிரசவ வார்டில் டியூட்டி முடித்த கையோடு, நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல், பட்டாணியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டாணி வளர்ந்துவிட்டாள் கண்ணா, போன வருஷம் தைத்த கவுன் முட்டிக்கு மேலே நிற்கிறது, பட்டாணி என்று கூப்பிட்டால் இப்போது முறைக்கிறாள், ஆனால் திரும்பிப் பார்க்கிறாள்.

கிறிஸ்துமஸில் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால் மரமும் இல்லை பரிசும் இல்லை, அந்தக் கேக் செய்கிற நாள்தான். ஒரு மாதமாக ஊறின பழ ஜாடியைத் திறக்கும்போது வருகிற வாசனை, மருமகள் மாவைச் சலிக்க நான் வெண்ணெயும் சர்க்கரையும் குழைக்க, நடுவில் உன் அப்பா வந்து ஜாதிக்காய் போதாது என்று இன்னும் கொஞ்சம் சுரண்டிப் போடப் பார்க்க, நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவரை விரட்ட, அந்த ஒரு நாள் சமையல்கட்டில் மாமியார் மருமகள் என்று எதுவும் இருக்காது, இரண்டு சிநேகிதிகள் மாதிரி இருப்போம். தாய் இல்லாமல் வளர்ந்த பெண், கல்யாணமாகி வந்த முதல் வருஷம் முட்டையை உடைக்கத் தெரியாமல் ஓட்டோடு போட்டவள், இன்றைக்கு என்னைவிட நன்றாகச் செய்கிறாள். இந்தத் தடவை மட்டும் அவள் அதிகம் பேசவில்லை. மாவைச் சலித்தாள், சலித்ததையே திரும்பச் சலித்தாள். வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

காலை ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். கோழி நன்றாக வெந்திருந்தது, மேல் தோல் மொறுமொறுவென்று, நீ இருந்தால் தோலுக்குச் சண்டை போடுவாய் என்று அப்பா சொல்லிவிட்டு அதைப் பட்டாணி தட்டில் வைத்தார். சாப்பாடு முடிந்து கேக் வெட்டுவதற்கு முன்னால் நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும், ஒவ்வொருத்தரும் இந்தப் பண்டிகையில் பிடித்தது ஒன்று பிடிக்காதது ஒன்று சொல்ல வேண்டும், சொன்னதற்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அப்பா எப்போதும் போல, பாட்டுக் குழுவோடு வீடு வீடாகப் போய் மேளம் தட்டுவது பிடித்தது, போகிற வீட்டிலெல்லாம் தித்திக்கத் தித்திக்கக் கொடுக்கிற ஜூஸ் பிடிக்காதது என்றார். நான் கேக் செய்கிற நாளைச் சொன்னேன், பண்டிகை முடிந்து மரத்தைக் கழற்றி அட்டைப் பெட்டியில் அடைப்பதுதான் பிடிக்காது என்றேன். மருமகள், நீங்க அடிச்சுவைச்ச மாவுக் கிண்ணத்தை வழிச்சு நக்குறது பிடிச்சது அத்தை, கேக்கில் வரும் ஆரஞ்சுத் தோல் பிடிக்காது, இத்தனை வருஷமும் உங்களுக்காகத்தான் தின்னேன் என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். அடுத்து பட்டாணி முறை.

பட்டாணி எழுந்து நின்றாள். உட்கார்ந்தே சொல்லும்மா என்றார் அப்பா. இல்லை, நின்னாத்தான் சொல்ல வரும் என்றாள். பிடித்தது, நாங்கள் எல்லோரும் ஒரே கட்டிலில் குறுக்கே படுத்துக் கதை பேசுவது என்றாள். சரி, பிடிக்காதது என்ன என்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம். அப்பா போன் பண்றது என்றாள்.

அவளே தொடர்ந்து சொன்னாள். தலை வாரி புது டிரஸ் போட்டு என்னையும் அம்மாவையும் வரிசையா நிக்க வைக்கிறீங்க, சிரி சிரின்னு சொல்றீங்க, அப்பா என்ன கிஃப்ட் வேணும்னு கேக்கிறார், எந்தக் கிளாஸ்னு கேக்கிறார், போன தடவையும் அதையேதான் கேட்டார், போன் வச்சதும் அம்மா பாத்ரூமுக்குப் போறாங்க, தாத்தா பால்கனிக்குப் போறார், பாட்டி கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுறாங்க, நான் மட்டும் நடுவீட்டுல நிக்கிறேன், அது எனக்குப் பிடிக்கலை என்றாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கேக் வெட்டலாமா என்று கேட்டாள். கோபமாகச் சொல்லவில்லை தம்பி, அழவும் இல்லை, ஆரஞ்சுத் தோல் பிடிக்காது என்று அவள் அம்மா சொன்னாளே, அதே குரலில்தான் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் நீ கூப்பிட்டபோது பிள்ளை தூங்குகிறாள் என்றேன். தூங்கவில்லை. தாத்தாவோடு கீழே கடையில் உட்கார்ந்து என் பட்டன் டப்பாவைக் கொட்டி நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீ அப்போது என்ன நினைத்தாய் என்று தெரியாது, உன் குரல் சட்டென்று இறங்கிப் போனது எனக்குக் கேட்டது. உன்னை வலிக்க வைக்க எழுதவில்லை. நானும்தான் அவளைச் சிரி சிரி என்றவள்.

நீ போனை வைத்த பிறகு சமையல்கட்டில் நானும் மருமகளும் மட்டும் இருந்தோம். அத்தை ஒரு விஷயம், கோபப்படாம கேக்கணும் என்றாள். ஈரக் கையைத் துடைக்காமல் அப்படியே நின்றாள், தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒருவர், மனைவி இறந்து பல வருஷம் ஆகிறது, இவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நல்லவர், பட்டாணி கை முறிந்து வந்தபோது பயப்படாமல் இருக்க அவளுடைய எலும்புப் படத்தை அவளிடமே கொடுத்து பேசிச் சிரிக்க வைத்தவர் அவர்தானாம். இப்போது அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிறது, ரொம்ப தூரம். நான் இன்னும் சரின்னு சொல்லலை, உங்ககிட்ட கேக்காம யார்கிட்ட கேப்பேன், எனக்கு வேற யார் இருக்கா, நீங்க வேண்டாம்னா வேண்டாம் என்றாள்.

யோசித்துப் பார் கண்ணா. விட்டுவிட்டுப் போனது என் பிள்ளை, அவள் என்னிடம் வந்து அனுமதி கேட்கிறாள். எனக்கு வாய்வரைக்கும் வந்தது, போகாதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விடாதே, இந்த வீட்டில் நாங்கள் இரண்டு கிழங்கள் மட்டும் இருந்து என்ன செய்வோம் என்று. நீ போனபோது கூட எனக்கு அந்தப் பயம் வரவில்லை, ஏனென்றால் நீ போன இடத்தில் அவள் நின்றாள், மாத்திரை வாங்கி வந்தாள், அப்பா முட்டிக்கு எண்ணெய் தேய்த்தாள், நான் காய்ச்சலில் கிடந்தபோது டியூட்டி முடித்து வந்து என் பக்கத்தில் தரையில் படுத்தாள். மகன் போனாலும் மகள் இருக்கிறாள் என்று தைரியமாக இருந்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன், இந்த வயதில் அந்தக் கண்ணுக்குக் கீழே அத்தனை கருப்பு. போம்மா என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. பிறகு மிச்சமிருந்த கோழியையும் கேக்கையும் டப்பாவில் அடைக்க ஆரம்பித்தேன், வீட்டில் இருக்கிற டப்பா எல்லாவற்றிலும் அடைத்தேன். போதும் அத்தை, போதும் அத்தை என்று பின்னால் இருந்து என்னைக் கட்டிக்கொண்டு அவள் அழுதாள்.

அப்பாவிடம் நான்தான் சொன்னேன். அந்த ஆளுக்குப் பிள்ளைகள் என்றால் பிடிக்குமா என்று மட்டும் கேட்டார். பிடிக்குமாம் என்றேன். அப்போ சரி என்றார். புது வருஷம் கழிந்துதான் எப்போதும் இறக்குவோம், மறுநாளே நட்சத்திரத்தை அவரே ஸ்டூல் போட்டு ஏறி இறக்கிவிட்டார், அந்த முழங்காலோடு. நான் தடுக்கவில்லை.

இப்போது உனக்கு வருகிறேன். விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டு அவள் வக்கீல் அனுப்பி எவ்வளவு நாளாயிற்று. இப்போ என்ன அவசரம் அம்மா, லீவில் வரும்போது பார்த்துக்கலாம் என்கிறாய். லீவும் வரவில்லை நீயும் வரவில்லை. அங்கே உனக்கு ஒரு துணை இருக்கிறாள், நான் அவளைப் பார்த்ததில்லை, அவள்மேல் எனக்கு வருத்தமும் இல்லை, அவளும் யாரோ பெற்ற பெண். ஆனால் அங்கே ஒரு வாழ்க்கை, இங்கே ஒரு கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நினைக்கிறாயே, அந்தக் கதவில் ஒரு பெண் நின்றுகொண்டே இருக்கிறாள் என்று உனக்கு உறைக்கவில்லையா. நீ வேண்டுமென்று செய்கிறாய் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதத்தை எடுத்தால் மனசு கனத்துப் போய் திரும்ப மேசைக்குள் வைத்துவிடுகிறாய் என்றுதான் நினைக்கிறேன், சின்ன வயதில் இருந்தே உனக்குக் கசப்பு மருந்தை நாளைக்குக் குடிக்கிறேன் என்று தள்ளுகிற சுபாவம். இந்தக் கடிதம் கிடைத்ததும் எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறதற்குள் அவர்கள் போய்ச் சேர வேண்டும், பிள்ளையைப் புதுப் பள்ளியில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று. பட்டாணிக்குப் பண்டிகை நாளில் மட்டும் போன் செய்யாதே. சாதாரண நாளில் செய், அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து அழுக்குச் சாக்ஸோடு இருக்கிற நேரத்தில் செய். பரிசு என்ன வேண்டும் என்று கேட்காதே, கணக்கில் வகுத்தல் வருகிறதா, பக்கத்தில் உட்காருகிற பெண் இன்னும் இவள் பென்சிலை எடுக்கிறாளா என்று கேள். முதலில் பேசமாட்டாள், ஆமாம் இல்லை என்பாள், விடாதே. அவளுக்கு வேறு வீடு வரலாம், அந்த வீட்டில் அன்பான மனுஷர் இருக்கலாம், அதனால் நீ அவளுக்கு அப்பா இல்லாமல் போய்விடமாட்டாய், நீயாகப் போனால்தான் போவாய்.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு வெளியே போ, ஈரத் துணியோடு இருக்காதே, உன் தொண்டை எனக்குத் தெரியும். உன் துணையையும் நான் விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும், உன் கை எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், எங்கே இருந்தாலும் நீ என் பிள்ளைதான், அதில் மாற்றமில்லை. காகிதத்தை மறக்காதே. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அம்மா என்ன செய்வாள், யாரோடு செய்வாள் என்று நினைத்து நினைத்துக் கையெழுத்தை நிறுத்தி வைக்காதே, அதை நினைத்து அழ வேண்டியதையெல்லாம் நான் அழுது முடித்துவிட்டேன், உனக்கு மிச்சம் வைக்கவில்லை. நீ பேனாவை எடுத்தால் போதும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா