ஆமெனுக்குப் பிறகு காத்திருக்க வேண்டாம் என்ற அறிவிப்பு குறித்து

அனுப்புநர்:
ஆமென் மாமாவின் தங்கை,
மருந்துக்கடை மாடி,
ஆலயத்தின் பின்தெரு.
(பெயரைச் சொல்லிக் கேட்டால் பங்கில் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்படிக் கேட்டால் சின்னப் பிள்ளைகூட வீட்டு வாசல்வரை கூட்டிக்கொண்டு வந்து விட்டுவிடும்.)

பெறுநர்:
மேதகு ஆயர் அவர்கள்,
ஆயர் இல்லம்.

பொருள்: பங்கு ஆலயத்தின் கண்ணாடி அறையில் என் அண்ணன் உட்கார வைக்கப்படுவதை நிறுத்தவும், 'ஆமெனுக்குப் பிறகு காத்திருக்க வேண்டாம்' என்று பீடத்திலிருந்து வாசிக்கப்பட்ட அறிவிப்பைத் திரும்பப் பெறவும் கோருதல்.

பார்வை: பங்குப் பேரவைச் செயலாளருக்கு நான் கொடுத்த மனு. எழுத்தில் பதில் இல்லை. வாயால் வந்த பதில் பத்தி 8இல்.

மேதகு ஆண்டகை அவர்களுக்கு,

பணிவான வணக்கம். இந்த மனுவில் பணிவு இருக்கும். கோபமும் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை மட்டும் எழுத முயன்றேன். வரவில்லை.

1. என் அண்ணனுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது. ரொட்டி ஆலையில் அட்டைப்பெட்டி மடிக்கிறார். பிறந்ததிலிருந்தே அவருக்குச் சொல் தாமதமாக வரும். கேட்டது உடனே புரியும். பதில் உள்ளிருந்து கிளம்பித் தொண்டைக்கு வந்து சேர நேரமாகும். வந்துவிட்டால் முழுதாக வரும், உரக்க வரும். மெல்லப் பேச அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த சொற்கள் அதிகம் இல்லை. இருப்பவற்றில் அவருக்கு மிகவும் பிடித்தது 'ஆமென்'.

2. திருப்பலியில் குரு மன்றாடி முடித்ததும் எல்லாரும் ஆமென் சொல்வோம். சொல்லி முடித்து, உட்காரும் சத்தம்கூட அடங்கிய பிறகு, தூணை ஒட்டிய பெஞ்சிலிருந்து இன்னொரு ஆமென் வரும். அது என் அண்ணனுடையது.

முன்பிருந்த பங்குத்தந்தை, இப்போது அவர் உயிரோடு இல்லை, அதற்காகக் காத்திருப்பார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவரும் யாருக்கும் விளக்கவில்லை. கையை விரித்தபடி நிற்பார். அண்ணனின் ஆமென் வந்ததும் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்புவார். நற்கருணை வாங்கப் போகும்போதும் அப்படித்தான். அப்பத்தை உயர்த்திப் பிடித்தபடி அவருடைய கை காற்றில் நிற்கும். பின்னால் வரிசை நிற்கும். யாரும் உச்சுக் கொட்டியதில்லை.

நாளடைவில் பங்கு முழுக்க அதைப் பழகிக்கொண்டது. கீபோர்டு வாசிக்கும் அக்கா கையைக் கட்டைகளுக்கு மேலே தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். வெளியூரிலிருந்து வந்த ஒரு குரு, இது தெரியாமல் ஆமென் ஆனதும், "உட்காருங்கள்" என்றார். ஒருவரும் உட்காரவில்லை. ஏதோ கலகம் என்று நினைத்துப் பயந்துபோனார். பிறகு அண்ணனின் ஆமென் வந்தது. ஆலயம் மொத்தமும் உட்கார்ந்தது. பாவம், அவர் மறையுரையை மறந்துவிட்டார்.

எங்கள் பெஞ்சில் உட்காரும் தையற்காரர் ஒரு திருமணத்தில், மாப்பிள்ளை தவித்துப்போய்த் திரும்பிப் பார்த்தபோது, அவர் காதில் விழும்படியே சொன்னார்: "பொறு தம்பி. நம்ம ஆள் சொன்னாத்தான் கல்யாணம் செல்லும்."

இதை வேடிக்கைக்காக எழுதவில்லை. ஒரு மனிதன் வந்து சேரும்வரை ஓர் ஊரே நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நான் படித்த இடங்களில் பார்த்ததில்லை. வேலை செய்யும் இடத்திலும் பார்த்ததில்லை. எனக்கு விசுவாசம் என்று ஏதாவது மிச்சம் இருந்தால், அது அந்தச் சில கணங்களில் இருந்தது.

3. பேரவை திருப்பலியை நேரலையாக ஒளிபரப்பத் தொடங்கியது. நல்ல எண்ணம்தான். படுக்கையில் கிடப்பவர்கள் பார்க்கிறார்கள், தூர தேசத்திலிருக்கும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். அவர்களில் செயலாளரின் மகனும் ஒருவர். "அப்பா, ஒவ்வொரு ஜெபத்துக்கும் பின்னாடி யாரோ கத்துறாங்க" என்று அவர் சொன்னதாகச் செயலாளரே என்னிடம் சொன்னார். வீடு வரை வந்து சொன்னார். காப்பி குடித்துக்கொண்டே சொன்னார். காப்பி போட்டுக் கொடுத்தவர் என் அண்ணன்.

4. ஆலயத்தின் பின்பக்கம் ஓர் அறை உண்டு. முன்பு துடைப்பம், வாளி, பூச்சாடி, பழைய பேனர் எல்லாம் போட்டு வைத்திருந்தார்கள். அதன் முன்சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்தார்கள். அழும் குழந்தைகளோடு வரும் தாய்மாருக்காக என்றார்கள். கதவின் மேல் 'இரக்கத்தின் அறை' என்று பலகை மாட்டினார்கள். அடுத்த ஞாயிறு வாசலிலேயே எங்களை நிறுத்தி, அந்த அறைக்குத் திருப்பிவிட்டார் செயலாளர்.

"ஏம்மா முகத்தைத் தூக்குறே? உங்க அண்ணனுக்காகவும்தான் யோசிச்சுச் செஞ்சிருக்கோம். அங்கே அவர் இஷ்டத்துக்குச் சத்தம் போடலாம்."

என் அண்ணன் சத்தம் போடுவதில்லை, ஆண்டகை. அவர் பதில் சொல்கிறார்.

அறையின் நிலவரம்: பிளாஸ்டிக் நாற்காலிகள். மின்விசிறி இல்லை. கூரையில் ஒரு ஸ்பீக்கர். வெளியில் நடப்பது உள்ளே கேட்கும். உள்ளே நடப்பது வெளியே கேட்காது. தாழ்ப்பாள் கதவின் வெளிப்பக்கம் இருக்கிறது, சாமான் அறையாக இருந்த காலத்தது. காற்றில் கதவு அடித்துக்கொள்கிறது என்று யாரோ அதைப் போட்டுவிட்டுப் போனார்கள். திருப்பலி முடிந்தபின் கண்ணாடியைத் தட்டித்தான் வெளியே வந்தோம். இரக்கத்தின் அறையை வெளியிலிருந்துதான் திறக்க முடியும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

5. அந்த முதல் ஞாயிறு. முதல் மன்றாட்டு முடிந்தது. கண்ணாடிக்கு அப்பால் எல்லாருடைய வாயும் அசைந்து மூடிக்கொண்டது. அண்ணன் தன் ஆமெனைச் சொன்னார். யாரும் திரும்பவில்லை. ஸ்பீக்கரில் முதல் வாசகம் தொடங்கிவிட்டது. மறுபடி சொன்னார், இன்னும் உரக்க. மடியிலிருந்த ஒரு குழந்தை விழித்து அழுதது. அண்ணன் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கேக்கலையா?"

இந்தக் கேள்வியைத் தங்களுக்கு அனுப்புகிறேன்.

அன்றைய மறையுரை, நடக்க முடியாதவனைக் கட்டிலோடு தூக்கி வந்து, கூட்டத்தால் வழி கிடைக்காமல், கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கிய நண்பர்களைப் பற்றி. ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது. அவர்கள் கூரையைப் பிரித்தார்கள். நாங்கள் கண்ணாடி போட்டிருக்கிறோம்.

6. இன்னொரு ஞாயிறு நற்கருணை அந்த அறைக்கு வரவில்லை. கொண்டுவர வேண்டியவர் செயலாளர். மறந்துவிட்டார். அண்ணன் வலது கைமேல் இடது கையை, சிறு வயதில் சொல்லிக்கொடுத்தபடி சரியாக வைத்து, ஏந்திக்கொண்டு நின்றார். அறிவிப்புகள் வாசிக்கும்போதும் நின்றார். இறுதிப் பாடலின்போதும். நான் கையைப் பிடித்து இறக்கினேன். பிறகு பங்குத்தந்தை வருத்தப்பட்டு, "தனியா வாங்கிக்கலாம், வாங்க" என்று கூப்பிட்டார். அண்ணன் தலையாட்டி மறுத்தார். சொல் வர வழக்கத்தைவிட நேரமானது.

"எல்லாரோடயும்."

இதைவிட நல்ல மறைக்கல்வி அந்தப் பங்கில் யாரும் கொடுத்து நான் கேட்டதில்லை.

7. இப்போது அறிவிப்புக்கு வருகிறேன்.

எங்களைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்த பிறகும் மக்கள் காத்திருந்தார்கள். பழக்கம். ஆமென் சொல்லிவிட்டு அப்படியே நின்றார்கள். கீபோர்டு அக்காவின் கை அந்தரத்தில் நின்றது. இப்போதைய பங்குத்தந்தைகூட, அவர் கெட்டவர் இல்லை, பேரவைக்குப் பயந்தவர், பக்கத்தைத் திருப்பப் போன விரலை நிறுத்திக்கொண்டார். எதுவும் வரவில்லை. நேரலையில் ஒவ்வொரு மன்றாட்டுக்குப் பின்னும் ஒரு மௌனம். பார்ப்பவர்கள் 'சவுண்ட் போயிடுச்சா?' என்று கேட்டு எழுதினார்கள். செயலாளர் மைக் செட்காரரைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அவர் ஒயர்களை எல்லாம் பிடுங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "சவுண்ட் நல்லாத்தான் இருக்கு சார். ஆளுதான் இல்லை."

அடுத்த ஞாயிறு பீடத்திலிருந்து வாசித்தார்கள்: இறைமக்கள் ஆமெனுக்குப் பிறகு காத்திருக்க வேண்டாம், உடனே அடுத்த பகுதிக்குச் செல்ல ஒத்துழைக்கவும்.

ஆண்டகை, சத்தத்தைத் தடுத்தது போதாமல் மௌனத்தையும் தடுக்க வேண்டியதாயிற்று அவர்களுக்கு. ஒரு பங்கு தானாகக் கற்றுக்கொண்ட அன்பை அறிவிப்புப் போட்டு மறக்கச் சொன்னதை வேறு எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாரும் ஒத்துழைத்தார்கள் என்று சொன்னால் பொய். தையற்காரர் பெஞ்சை விட்டு எழுந்து வந்து எங்களோடு அறையில் உட்கார்ந்துகொண்டார். ஏன் என்று கேட்ட செயலாளரிடம், "முன்னாடி ஃபேன் காத்துல தூங்கிடறேன் சார். இங்கே புழுக்கத்துல பக்தியா இருக்கு" என்றார். வரும்போது தாழ்ப்பாளின் கொண்டியைத் துணியால் இறுகச் சுற்றித் தைத்துவிட்டார். இப்போது அது விழாது. இது சேதம் என்று பேரவை கருதினால் பொறுப்பை நானும் ஏற்கிறேன்.

8. தாங்கள் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் கொடுக்க எங்கள் பங்குக்கு வரவிருக்கிறீர்கள். அதை முன்னிட்டுச் செயலாளர் என்னைத் தெருவில் நிறுத்திச் சொன்னதை அப்படியே தருகிறேன். என் மனுவுக்குக் கிடைத்த பதிலும் இதுதான்.

"மனு எல்லாம் எதுக்கும்மா, நாம ஒரே குடும்பம். ஆயர் வர்ற அன்னிக்கு மட்டும் அண்ணனை வீட்டிலேயே வெச்சுக்கோ. நேரலையில பாருங்க. நல்லா தெரியும், முன்வரிசையில உட்கார்ந்த மாதிரி."

எந்தக் குடும்பத்தில், விருந்தாளி வருகிறார் என்று அண்ணனை உள்ளே வைத்துக் கதவைச் சாத்துகிறார்கள் என்று கேட்டேன். "தப்பா எடுத்துக்காதே" என்றார். இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்று தாங்களாவது சொல்ல வேண்டும்.

9. கடைசியாக ஒன்று. இதற்காகத்தான் எழுதுகிறேன். மற்றதெல்லாம் தாழ்ப்பாள், மின்விசிறி, அவமானம். பொறுத்துக்கொண்டிருப்பேன்.

அண்ணன் இப்போது ஆமென் சொல்வதில்லை. எல்லாருடைய வாயும் அசையும்போது, அதே நேரத்தில், அவருடைய வாயும் அசைகிறது. எல்லாரோடும் மூடிக்கொள்கிறது. தாமதமே இல்லை. சத்தமும் இல்லை. கண்ணாடிக்கு அப்பால் பார்த்துக் கற்றுக்கொண்டார். வீட்டில் சாப்பாட்டு ஜெபத்திலும் அப்படியே. நான் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன். சோறு ஆறுகிறது. அவர் உதட்டை மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், சரியாகச் செய்துவிட்டவரைப் போல.

"அவருக்குப் பழகிடுச்சு பாத்தியா" என்றார் செயலாளர். மகிழ்ச்சியோடு சொன்னார்.

10. ஆகவே நான் கோருவது:

அறிவிப்பு எந்தப் பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டதோ அங்கிருந்தே திரும்பப் பெறப்பட வேண்டும். கண்ணாடி அறைக்கு உள்ளிருந்து திறக்கும் கதவு வேண்டும், தாய்மார் விரும்பினால் இருக்கட்டும், யாரையும் அங்கே திருப்பிவிட வேண்டாம். செயலாளரைப் பதவியிலிருந்து நீக்குமாறு கேட்கவில்லை. எழுதினேன், அடித்துவிட்டேன். ஒரு நாள் அவரை அந்த அறையில் உட்கார்ந்து ஆமென் சொல்லச் சொல்லுங்கள். போதும்.

இவற்றுக்கு விசாரணை, கூட்டம், கையெழுத்து என்று காலம் பிடிக்கும் என்பது தெரியும். ஒன்றுக்கு மட்டும் எதுவும் தேவையில்லை. தாங்கள் வரும் நாளில் நாங்கள் வீட்டில் இருக்க மாட்டோம். கண்ணாடிக்குப் பின்னாலும் இருக்க மாட்டோம். தூணை ஒட்டிய எங்கள் பெஞ்சில் இருப்போம். தையற்காரர் இடம் பிடித்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். யாராவது எழுப்ப வந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

தங்கள் முதல் மன்றாட்டு முடியும். மக்கள் ஆமென் சொல்வார்கள். அப்போது பக்கத்தைத் திருப்பாதீர்கள். நிற்க வேண்டுகிறேன்.

அவர் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லாமலும் போகலாம். கேமரா ஓடிக்கொண்டிருக்கும். செயலாளர் கடிகாரத்தைப் பார்ப்பார். இருந்தாலும் நில்லுங்கள். தனக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

இடம்: கண்ணாடி அறை.
நாள்: ஞாயிறு, திருப்பலிக்குப் பின்.

நீதி கிடைக்கும் என்று இன்னும் நம்பும்,
ஆமென் மாமாவின் தங்கை (கையொப்பம்)

இந்த மனுவை என் அண்ணனுக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். கீழே இருப்பது அவருடைய கையொப்பம். அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தேன்.