சாலாச்சியின் இரண்டாவது நோட்டு

திங்கள், 7 அக்டோபர் 68
காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை, புழுக்கம்தான். கோட்டையூர் பஸ்ஸில் நின்றுகொண்டே பள்ளிக்கூடம்.

முதல் பீரியட் பதினோராம் வகுப்பு, கணக்கு. ஜூனில் கணக்கு டீச்சர் திருச்சிக்குப் போனார். ஜூலையில் வந்த சார் பதினெட்டே நாள். பிறகு ஆள் போடவில்லை. ஆகஸ்ட் முதல் தையல் டீச்சராகிய நான். தலைமையாசிரியை (த.ஆ.) அம்மாள் அன்று சொன்னது இன்னும் காதில்: "துணிய அளந்து வெட்டுறீகள்ல? அதுவும் கணக்குத்தான்." மார்ச்சில் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பரீட்சை.

இன்று போர்டில் கழித்தல் குறியைக் கூட்டலாக்கிவிட்டேன். வீட்டில் கைடைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாற்பது பேர். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. கணக்கில் புலி அந்தச் சாலாச்சி. அவளும் அப்படியே எழுதிக்கொண்டாள். தெரியாமலா இருக்கும்? பிறகு ஏன்?

செவ்வாய், 8
வாங்க வேண்டியது: நீல நூல், ஊக்கு, காபித்தூள்.

நோட்டு திருத்தினேன். நாற்பதிலும் என் தப்பு, அச்சுப் பிசகாமல். போர்டில் சரியாகப் போட்டேன். "சரி டீச்சர்." என்ன பவ்யம். இரண்டு மாதமாக ஒரு சந்தேகம்கூடக் கேட்காத வகுப்பு எங்கேயாவது உண்டா?

சாலாச்சி மடியில் இன்னொரு நோட்டு. நான் பக்கத்தில் போனதும் தாவணிக்குள் போய்விட்டது. என் தப்பையெல்லாம் குறித்து வைக்கிறாள். கல்வி அதிகாரிக்கு மொட்டைக் கடுதாசி போகப்போகிறது. த.ஆ. அம்மாள்கூட ப்ரேயரில் இரண்டு தடவை என்னைப் பார்த்தார்.

மதுரைக்கு மாறுதல் கேட்டு மனு எழுதிவிட்டேன். அங்கே தையல் மட்டும். விரட்டும் முன்னே நானே போவது மரியாதை.

புதன், 9
மனு கொடுக்கப் போனேன். த.ஆ. அம்மாள் இல்லை, மீட்டிங். கைப்பையிலேயே இருக்கிறது.

பள்ளி விட்டபின், மறந்து வைத்த குடையை எடுக்கத் திரும்பினேன். வகுப்புக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே சாலாச்சி, காலையில் நான் போட்ட கணக்கைப் போர்டில் மறுபடி சரியாகப் போட்டுக்கொண்டிருந்தாள். பெஞ்சில் பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஒரு இரண்டாவது நோட்டு.

முன் பெஞ்சு வள்ளியம்மை கேட்டாள்: "இத டீச்சர்ட்டயே கேட்டா என்னடி?"

"கேட்டுத்தான அந்த சார் போனாரு," என்றாள் சாலாச்சி. "மூணு கேள்வி கேட்டேன், மறுநாளே ஆளக் காணோம். இவுகளும் போயிட்டா யாரு வருவாக? தப்போ சரியோ, இருக்கட்டும்."

அந்த சாருக்கு மெட்ராஸில் வேறு வேலை கிடைத்தது, போனார். இவளிடம் யாரும் சொல்லவில்லை. தன்னால்தான் என்று இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

குடையை எடுக்காமலே வந்தேன். நல்ல மழை. வெட்கம். கோபமும்தான், யார் மேல் என்று தெரியவில்லை. இருக்கட்டும் என்றாளே.

வியாழன், 10
விடாத மழை. குடை வகுப்பு மூலையிலேயே இருந்தது.

இருபடிச் சமன்பாடு. பாதியில் நிறுத்தினேன். சார் போனதற்குக் காரணம் சொன்னேன். "இதுக்கு மேல எனக்குத் தெரியல. சாலாச்சி, நீ வந்து போடு." சாக்பீஸை நீட்டினேன். எழுந்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நான் போட்டா நீங்க போயிருவீகளா டீச்சர்?"

கைப்பை மேஜைமேல் இருந்தது. நாற்பது பேரும் அதையே பார்ப்பதுபோல் இருந்தது.

"போகல" என்றேன்.

வந்து போட்டாள்.

மனுவை இன்னும் கிழிக்கவில்லை.