திங்கட்கிழமை எடை

மார்ச் 4, செவ்வாய்

எழுபத்தொன்பது. நேற்று எழுபத்தேழு. அதே மெஷின், அதே குளியலறை, அதே நான். ஒரே நாளில் இரண்டு கிலோ ஏற நான் என்ன செங்கல்லையா விழுங்கினேன்? ராத்திரி குடித்தது ஒரு கிண்ணம் சூப்.

எழுபத்தாறுக்குக் கீழே வந்தால்தான் என் சிறுநீரகத்தை எடுத்துத் தம்பிக்கு வைப்பார்களாம். ரத்தம் பொருந்திவிட்டது, இதயம் நன்றாக இருக்கிறது, எடை மட்டும்தான் இடிக்கிறது. இந்தா எடுத்துக்கோ என்று நிற்கிறவளை இளைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

மார்ச் 6, வியாழன்

இன்று எழுபத்தெட்டே முக்கால்.

எங்கள் வீட்டில் காலையில் ஒரே மெஷினில் இரண்டு பேர் ஏறுகிறோம். நான் இளைக்கிறேனா என்று பார்க்க. தம்பி, உடம்பில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க. திங்கள், புதன், வெள்ளி அவனுக்கு டயாலிசிஸ். நடுவில் குடிப்பதெல்லாம் போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும், எடையாகத் தெரியும். நாளுக்கு இரண்டு டம்ளர்தான் அளவு. பல் தேய்த்துவிட்டுக் கூப்பிடுவான். நான் போய் முள்ளைப் பார்ப்பேன். ஐம்பத்தெட்டு, மிஞ்சினால் ஐம்பத்தெட்டரை. பிள்ளை என்றால் அதுதான் பிள்ளை. அடுத்து நான் ஏறுவேன். "மெதுவாக்கா, மெஷின் அழுவுது" என்பான். படவா.

மார்ச் 10, திங்கள்

எழுபத்தாறு! நேற்று இவர் தான் வேலை பார்க்கிற பேக்கரியிலிருந்து சுடச்சுட பன் கொண்டுவந்தார். மூன்று தின்றேன். சரி, நான்கு. தின்றதற்குத் தண்டனை இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறினால், முள் கீழே போகிறது. இது என்ன கணக்கு?

மார்ச் 11, செவ்வாய்

எழுபத்தெட்டரை. போ.

மார்ச் 17, திங்கள்

நேற்று, நான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையின் முதலாளியம்மா வீட்டில் விருந்து. வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். இன்று எழுபத்தைந்தே முக்கால்! ஞாயிற்றுக்கிழமை தின்றால் திங்கட்கிழமை இளைக்கிறேன். செவ்வாய்க்கிழமை ஏறிவிடும், அதுவும் தெரியும். நாள் முழுக்கக் கடையில் வருகிறவர்களுக்குக் கண் பார்க்கும்போது "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று கேட்டுக்கொண்டே மண்டைக்குள் இதைத்தான் உருட்டிக்கொண்டிருந்தேன். பட்டினி கிடந்தால் உடம்பு பயந்து பிடித்து வைத்துக்கொள்ளுமோ? நன்றாகத் தின்றால் நம்பி விட்டுவிடுமோ?

இவரிடம் சொன்னேன். "அப்ப தினமும் ஞாயித்துக்கிழமைன்னு வெச்சுக்கோ" என்கிறார். மனுஷனுக்கு எல்லாமே விளையாட்டு.

மார்ச் 24, திங்கள்

மானம் போச்சு.

காலையில் எழுபத்தைந்தரை. போன திங்களைவிடவும் கீழே. செவ்வாய் வந்தால் ஏறிவிடுமே என்று பயந்து, இன்றைக்கே லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். செருப்பைக் கழற்றி, வளையலைக் கழற்றி, கைப்பையை இவரிடம் கொடுத்துவிட்டு ஏறினால் — எழுபத்தெட்டு. இறங்கி மறுபடி ஏறினேன். எழுபத்தெட்டு.

சிறுநீரக மாற்று ஏற்பாட்டையெல்லாம் பார்க்கிற அம்மா சிரிக்கவில்லை, அதுவரைக்கும் புண்ணியம். "வீட்டு மெஷினை நம்பாதீங்க. ஆபரேஷனை முடிவு பண்ற டாக்டர்கள் குழு மே மாசம் கூடும், அதுக்குள்ள இறங்கிட்டு வாங்க" என்றார். அப்புறம், "தம்பி தண்ணி விஷயத்துல எப்படி?" என்று கேட்டார். "சொட்டுகூட மிஞ்ச மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏன் அப்படிப் பார்த்தார்?

மார்ச் 25, செவ்வாய்

மெஷினைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். குளியலறையில் எழுபத்தெட்டு. சமையலறையில் எழுபத்தெட்டேகால். படுக்கையறைக் கம்பளத்தின் மேல் எண்பத்து நான்கு! இனி அந்த அறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவே யோசிக்க வேண்டும். ஈரத் தலையோடு, உலர்ந்த தலையோடு, ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் நின்றபோது இவர் வந்து பார்த்துவிட்டு, "தவமா?" என்றார்.

இடத்தால் வித்தியாசம் வரும், சரி. ஆனால் மெஷின் எப்போதும் குளியலறையில் ஒரே டைல்ஸ் மேல்தானே கிடக்கிறது? கிழமை எப்படி அதற்குத் தெரியும்?

மார்ச் 29, சனி

குறை என் உடம்பிலா மெஷினிலா என்று தெரிய வேண்டுமானால், தின்னாத குடிக்காத ஒன்றை ஏற்ற வேண்டும். இவரிடம் பிரிக்காத மாவு மூட்டை ஒன்று கேட்டேன். பேக்கரியிலிருந்து தோளில் சுமந்து வந்து குளியலறையில் இறக்கினார். "கல்யாணம் பண்ணிக்கிட்டப்ப இதெல்லாம் யாரும் சொல்லல." மூட்டையில் அச்சடித்திருப்பது இருபத்தைந்து. முள் காட்டியதும் இருபத்தைந்து.

தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவனிடம் சொன்னால் தெரு முழுக்கச் சொல்லிச் சிரிப்பான்.

மார்ச் 31, திங்கள்

தம்பி டயாலிசிஸுக்குப் போனபின் மூட்டையை ஏற்றினேன். இருபத்திரண்டரை.

மூட்டையும் என்னோடு சேர்ந்து இளைக்கிறது!

ஏப்ரல் 1, செவ்வாய்

மூட்டை இருபத்தைந்து.

அப்படியானால் நான் இளைக்கவேயில்லை, திங்கட்கிழமைகளில். மெஷின்தான். இந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது — பைத்தியம் எனக்கில்லை.

ஏப்ரல் 5, சனி

மெஷினைக் கவிழ்த்துப் பார்த்தேன். பின் விளிம்புக்கு அடியில், விரல் நுழைகிற இடத்தில், பல்லுப் பல்லாக ஒரு சின்னச் சக்கரம். திருப்பினால் முள் பூஜ்யத்திலிருந்து நகர்கிறது. தானாகத் தளர்ந்து நழுவுகிறதோ? கடையில் கண்ணாடிச் சில்லில் குறிபோடும் பேனாவால், சக்கரத்திலும் விளிம்பிலும் நேருக்கு நேர் ஒவ்வொரு புள்ளி வைத்தேன். நழுவினால் தெரிந்துவிடும்.

ஏப்ரல் 7, திங்கள்

புள்ளி இடம் மாறியிருக்கிறது. கொஞ்சநஞ்சம் இல்லை, நழுவுகிற அளவே இல்லை. யாரோ திருப்பியிருக்கிறார்கள்.

இவர் விடியுமுன் பேக்கரிக்குப் போய்விடுகிறவர். அந்த மெஷினைக் கண்டாலே ஒதுங்கி நடப்பார். அப்ப தம்பிதான். எதுக்குடா? அக்கா பட்டினி கிடக்காளே, மனசு தேறட்டும்னு குறைச்சு வெச்சியா? குறைச்சு வெச்சா நான் ஆஸ்பத்திரியில போய் அசிங்கப்படுவேன்னு தெரியாதா? இல்ல, என்னோடது வேண்டாம்னு சொல்லத் தெரியாம... அப்படின்னா ஏத்தித்தானே வைக்கணும், எதுக்கு இறக்கணும்? செவ்வாய்க்கிழமை எதுக்குத் திரும்பச் சரிபண்ணணும்?

அந்த மெஷின்ல நான் மட்டுமா ஏறுறேன்.

அவனும் ஏறுறான். எனக்கு முன்னாடி.

ஐயோ.

ஏப்ரல் 8, செவ்வாய்

கேட்டுவிட்டேன். நேற்று முழுக்க அடக்கி வைத்திருந்தது, காலையில் அவன் "வாக்கா, முள்ளைப் பாரு" என்று கூப்பிட்டதும் வெடித்துவிட்டது. மெஷினைக் கவிழ்த்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

முதலில் சிரித்தான். அப்புறம் குளியலறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் உள்ளபடியே காட்டுவானாம், அன்றைக்கு உடம்பில் தண்ணீர் இருக்காதே. மற்ற நாளில் எவ்வளவு குடித்தானோ அவ்வளவுக்குச் சக்கரத்தைக் கீழே திருப்புவான். சனி ஞாயிறு இரண்டு நாள் இடைவெளி, அதனால் திங்கட்கிழமை அதிகம். அங்கே நர்ஸ் போகும்போதெல்லாம் திட்டுகிறாளாம். இப்படியே போனால் குழுவுக்கு எழுதிவிடுவோம், ஆபரேஷனே தள்ளிப்போகும் என்று போன மாதமே சொல்லிவிட்டார்களாம்.

"ஒரு வாய் தண்ணிக்காடா? செத்துப்போயிடுவடா மடையா! நான் எதுக்குடா இப்படிக் காயறேன்?" என்று கத்தினேன். அடித்தும் விட்டேன், தோளில்.

"அதனாலதான்கா சொல்லல" என்றான். "நீ எனக்காக வாயைக் கட்டிக்கிட்டுக் கிடக்குற. எனக்கு என் தாகத்தை அடக்க முடியலன்னு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அவன் மேல் விரலை நீட்டிக்கொண்டு நின்றவள், பக்கத்தில் உட்கார்ந்தேன். சக்கரத்தைத் திருப்பினால் என் எண்ணும் சேர்ந்து இறங்கும் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லையாம். "நீ நெசமாவே இளைக்கிறன்னு நெனைச்சேன்கா." நாசமாய்ப் போச்சு. நானும் அப்படித்தான் நினைத்தேன். இருவரும் சிரித்தோம். அவன் அழுதான், நானும்.

ஏப்ரல் 12, சனி

கடைக்கு லீவு. அவனுக்குச் சொல்லாமல் இன்று நானும் இரண்டு டம்ளர் தண்ணீர்தான் என்று முடிவு செய்தேன். எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கலாமே.

மதியத்துக்குள் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. பாத்திரம் கழுவினால் குழாயையே பார்க்கிறேன். மீன்தொட்டி விளம்பரம் வந்தால்கூட எச்சில் ஊறுகிறது — ஊறவில்லை, அதுதான் பிரச்சினை. சாயங்காலம் தாங்காமல் குழாயில் வாய் வைத்து மாடு மாதிரிக் குடித்தேன். ஒரு நாள்கூட முழுசாக முடியவில்லை. அவனுக்கு இது இரண்டாவது வருஷம்.

ஏப்ரல் 15, செவ்வாய்

புது முறை. காலையில் முதலில் மூட்டை ஏறும். இருபத்தைந்து காட்டினால் தம்பி, பிறகு நான். குடித்தால் குடித்தேன் என்று சொல்லிவிட வேண்டும், திட்டமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். நேற்று அரை கிலோ கூடுதல். "ரெண்டு டம்ளர் அதிகம்கா" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு "சரி" என்றேன். இவர் ஐஸ்கட்டியைச் சின்னச் சின்னதாக உடைத்து டப்பாவில் வைத்திருக்கிறார். தாகம் வரும்போது ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும்.

எனக்கு எழுபத்தேழரை. நிஜமான எழுபத்தேழரை. பன்னை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று இவருக்கு உத்தரவு.

மே 6, செவ்வாய்

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஒரே எண். இதற்குப் போய் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மே 20, செவ்வாய்

ஆஸ்பத்திரி மெஷின்: எழுபத்தைந்து புள்ளி நான்கு. வளையலோடு! நர்ஸும் தம்பியைப் பற்றி நல்லபடியாக எழுதிக் கொடுத்திருக்கிறாள்.

ஜூலை 3, வியாழன்

ஆபரேஷனுக்கு அப்புறம் இன்றுதான் பேனா பிடிக்கிறேன். சிரித்தால் இடுப்பில் சுரீர் என்கிறது, அதனால் இவரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

காலையில் மெல்ல நடந்து தம்பி அறைக் கதவு வரை போனேன். உள்ளே விடமாட்டார்கள், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். கதவு கொஞ்சம் திறந்திருந்ததால் பேச்சும் கேட்டது. நர்ஸ் ஒரு பெரிய கூஜாவை வைத்துக்கொண்டு அவனோடு மல்லுக்கு நின்றாள். புதுச் சிறுநீரகம் வேலை செய்கிறதாம், நாளுக்கு மூன்று லிட்டராவது உள்ளே போயாக வேண்டுமாம். அவன் என்னைப் பார்த்துவிட்டான்.

"அக்கா, வயிறு வெடிச்சிடும்போல இருக்கு. போதும்னு சொல்லுக்கா!"

"குடிடா" என்றேன்.

முனகிக்கொண்டே டம்ளரை எடுத்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு, அவன் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்து முடிக்கிறவரை நின்று பார்த்தேன்.