பிரிக்காமல் வைத்த கவர்

இன்று காலை ஃப்ரிட்ஜின் கைப்பிடியைத் தொட்டதும் விரல் ஒட்டிக்கொண்டது. பிரிக்கக் கூடாது என்று நீங்கள் சொல்லி வைத்த அதே பாலிதீன் கவர்தான். விரலை மோந்து பார்த்தேன். பழைய எண்ணெயும் கரப்பானும் கலந்த நாற்றம். கையிலிருந்த காப்பியைக் குடிக்காமல் கீழே கொட்டிவிட்டேன்.

விராலிமலையில் நான்குவழிச் சாலையை ஒட்டி வீடு கட்டியது உங்கள் ஆசை. லாரிப் புழுதி ஜன்னல் வழியாக வந்து, நான் தாளிக்கும் புகையோடு சேர்ந்து, கறுப்புப் பிசினாக உட்கார்ந்துவிடுகிறது. ஈரத் துணியால் துடைத்தால் இழுவிக்கொண்டுதான் போகும். மிக்ஸி, சுவிட்ச் போர்டு, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாவற்றையும் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரும் பழைய பிரஷ்ஷுமாகத் தேய்த்து எடுத்துவிடுவேன். கவர் போட்ட சாமானில்தான் என் பாச்சா பலிக்காது. மடிப்புக்கு மடிப்பு அழுக்கு. ரிமோட்டைத் தொட்ட கையால் சாப்பிட மனம் வராது.

சவூதியிலிருந்து லீவுக்கு வந்ததும் வராததுமாகக் கவர் கிழிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பீர்கள். என் முகத்தை அப்புறம்தான். கிழிந்த இடத்தில் டேப் வேறு ஒட்டுவீர்கள். அருவருப்பாக இருக்கிறது என்று ஒருமுறை சண்டையே போட்டேன்.

"இருக்கட்டும்டி. நான் ஒரேயடியா வந்த பொறவு ரெண்டு பேருமாப் பிரிச்சுக்கலாம்."

ஒரேயடியாகத்தான் வந்தீர்கள். பெட்டிக்குள், பாலிதீனில் சுற்றி. முகத்தை மட்டும், அதுவும் கவருக்கு மேலாகக் காட்டினார்கள். ஒரே ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன், பிரியுங்கள் என்று கெஞ்சினேன். உங்கள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம் ஆத்தா. நாளாயிருச்சு."

அதன்பிறகு மூன்று வருஷமாக ஃப்ரிட்ஜ் கவரையும் நான் பிரிக்கவில்லை. இரண்டு பேருமாக என்று சொல்லியிருந்தீர்களே. முகத்தைச் சுளித்துக்கொண்டே காவல் காத்தேன்.

இன்று கத்திரிக்கோலை எடுத்துவிட்டேன். உள்ளே கரப்பான் முட்டைகள், செத்த எறும்புகள். நீங்கள் ஒட்டிய டேப்பின் பசை தேங்காய் எண்ணெய் தடவித் தேய்த்த பிறகுதான் உருண்டு வந்தது. அடியில் கைப்பிடி, கடையில் பார்த்த அன்றுபோலவே பளிச்சென்று இருந்தது. அழுக்கைவிட அந்தப் புதுசுதான் எனக்கு அதிக வெறுப்பாக இருந்தது. யாருக்காக இத்தனை புதுசு?

ரிமோட் கவரையும் மற்ற கவர்களையும் வெட்டி எடுத்து, எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு மூன்று தடவை கை கழுவினேன். நாற்றம் போய்விட்டது. அன்று உங்களைத் தொடாத கைதான் இது, அந்த உறுத்தல் போகவில்லை. இனி இந்த வீட்டில் கவரோடு எதுவும் இல்லை. கவரோடு போனது நீங்கள் மட்டும்தான்.