சின்னவன் கொண்டுபோன கடிகாரம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன், என் கையெழுத்தைப் பார்த்ததும் பதறியிருப்பாய். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன்னிடம் பேசும்போதெல்லாம் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறாள். அதனால் கடையில் சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

போன வாரம் ஒருவர் பழைய பாக்கெட் கடிகாரம் ஒன்றை விலை மதிக்கக் கொண்டுவந்தார். பெயின்ட் அடிக்கிறவர், நகக்கண்ணெல்லாம் வெள்ளை. கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார். தெருமுனைக் கடையில் உடைத்து வெள்ளி எடைக்குப் போடச் சொன்னார்களாம். "அவ்வளவுதானா இதுன்னு தெரிஞ்சுக்கணும்மா" என்றார்.

என் வேலை உனக்குத் தெரியும். மூடிக்குள் முத்திரையைப் பார்த்தேன். நல்ல வெள்ளி. உள்ளே இயந்திரத்தில் வெட்டியிருந்த எண்ணும் சரியாக இருந்தது. அப்புறம் குறைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சீட்டில் எழுதினேன். பீங்கான் முகப்பில் மயிரிழைக் கீறல். நொடி முள் அசல் இல்லை, மற்ற முட்கள் கறுப்பு, இது நீலம். சங்கிலி மாட்டும் வளையம் பித்தளை, பிற்பாடு வைத்தது. இதெல்லாம் விலையைக் குறைக்கும் என்று வாய் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது, பித்தளை என்று எழுதும்போது கை நின்றுவிட்டது. அப்பா குறட்டால் அந்த வளையத்தை நெளித்து மாட்டியபோது நீதானே கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாய்?

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், அண்ணா. நம் சின்னவன் பக்கத்தில் எங்கேயோதான் இருக்கிறான், காசு முடையில் விற்றிருக்கிறான் என்று நினைத்தேன். யார் கொடுத்தது என்று கேட்டேன். "கூட வேலை பாத்த தம்பிம்மா. ஒரே ரூம்ல இருந்தோம். மழைக்கு முன்னாடி போய்ட்டான்" என்றார். எந்த ஊருக்குப் போனான் என்று கேட்டேன். "ஊருக்கு இல்லம்மா, ஒரேயடியா" என்றார்.

நெஞ்சில் சளி கட்டி மூச்சு முட்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் கடைசிவரை அவர்தான் கூட இருந்தார். அடக்கமும் அவரே கடன் வாங்கிச் செய்திருக்கிறார். எந்த ஊர், யார் வீடு என்று அவன் வாயைத் திறக்கவே இல்லையாம். கையில் ஒன்றுமில்லாத நாளில் இதை வித்துடேன்டா என்று இவர் சொல்லிப் பார்த்திருக்கிறார். "இது என்னோடது இல்ல, எங்க அண்ணனோடது. நாலு காசு சேத்துக்கிட்டு நேர்ல போய்க் குடுக்கணும்" என்பானாம். கடன்காரன் நெருக்கவே, வேறு வழியில்லாமல்தான் எடுத்துவந்தேன் என்றார்.

அவன் என் தம்பி என்று சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார். என் முகத்தைப் பார்த்து, மூக்கு அப்படியே அவனுதுதான் என்றார். கடிகாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் விடவில்லை. நம் தம்பியை அடக்கம் செய்த கடன் ஊரான் தலையில் இருக்கக்கூடாது. மதித்த விலையைக் கொடுத்து நானே வாங்கிக்கொண்டேன்.

அந்த விலைக்கு ஒரு சுமாரான சைக்கிள் வாங்கலாம். வீடே வாங்கலாம் என்று அப்பா பெருமையடிப்பாரே, நாமும் நம்பினோமே. அப்பா போனபின், மூத்தவன் உனக்கு வரவேண்டிய அது சின்னவன் பையில் இருந்ததைப் பார்த்து, கூடத்தில் எல்லார் முன்னாலும் நீ அவனைத் திருடன் என்றாய். அவன் பையோடு அப்படியே படியிறங்கிப் போய்விட்டான். குத்திக்காட்ட எழுதவில்லை. அதன்பிறகு நீ எத்தனை ஊரில் அவனைத் தேடி அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். அவனுக்குத்தான் தெரியாமல் போய்விட்டது.

அம்மாவுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கடிகாரத்தை வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, கடை அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அம்மாவின் போனில் பட்டன் எல்லாம் தேய்ந்துபோயிற்று. புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், நம்பர் மாறிவிட்டால் சின்னவன் எப்படிக் கூப்பிடுவான் என்கிறாள். அதே நம்பர்தான் வரும் என்றாலும் நம்பமாட்டாள். நேற்று, அவனுக்கு வயசாகுது, பொண்ணு பாக்கணும் என்றாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பவே இல்லை.

அவனை வைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார். நான் இன்னும் போகவில்லை. உன்னோடு சேர்ந்து போகலாம் என்றிருக்கிறேன்.

லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதாதே, அண்ணா. அம்மாவிடம் தனியாகச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அண்ணியிடம் விஷயத்தைச் சொல், அவள் புரிந்துகொள்வாள். குழந்தைக்கு என் முத்தம்.

இன்னொன்று. வந்ததும் கதவைத் தட்டிவிடாதே. தெருவிலிருந்தே "அம்மா, பெரியவன் வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்துக்கொண்டே வா. ஒரு நிமிஷம்கூட அவள் வேறு யாரோ என்று நினைத்துவிடக்கூடாது.

உன்னை எதிர்பார்த்திருக்கும்,
தங்கை