நடுவில் இருக்கும் அம்பு

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். அம்மா நலம். நானும் நலம் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும், ஆனால் கை வரவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் இருப்பது ஒரே அறை. அம்மாவுக்குத் தெரியாமல் இருமக்கூட முடியாது. சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் காது வேறு. அதனால் அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாத்திரையை விடாமல் போடுகிறேன். கிருமி அடங்கித்தான் இருக்கிறது என்று போன பரிசோதனையிலும் சொன்னார்கள். எச்.ஐ.வி. என்று நம் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் இப்போது எழுதிவிட்டேன், படித்ததும் கிழித்துவிடு. பிறக்கும்போதே வந்தது, இத்தனை வருடம் சும்மா இருந்தது, இனி என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என்னால் படிக்க முடியவில்லை, அண்ணா. கண்ணில் கோளாறு இல்லை. ஒரு பக்கத்தின் முதல் வரியில் நுழைகிறேன், கடைசி வரியில் வெளியே வருகிறேன், நடுவில் என்ன நடந்தது என்று தெரிவதில்லை. நூலகத்தில் எடுத்த நாவலை மூன்று தடவை புதுப்பித்துவிட்டேன். இன்னும் கதாநாயகி ரயிலைவிட்டு இறங்கவில்லை. சிரிக்காதே. உனக்குத் தெரியும், பள்ளியில் மற்றவர்கள் விளையாடப் போனபோது எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

வேலையிலும் அப்படித்தான். மருந்துப் பெட்டிகளுக்கான லேபிள்களைப் பிழை பார்த்து அனுப்புவது என் பொறுப்பு. போன வாரம் காலாவதித் தேதியில் பழைய வருடமே இருந்ததைக் கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மெஷின்காரர் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வந்து, "என்னம்மா, செத்துப்போன மருந்துக்கா லேபிள் அடிக்கிறோம்?" என்று சிரித்தார். அவர் நல்லவர், முதலாளியிடம் சொல்லவில்லை. அடுத்த தடவையும் அவர் பார்த்துவிடுவார் என்று என்ன நிச்சயம்?

மருத்துவமனையில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. என்னைப் போலக் கிருமியோடு பிறந்து வளர்ந்த இளவயதுக்காரர்களுக்குக் கவனப் பயிற்சி தருகிறார்கள். முதலில் ஒரு குழாய்க்குள் படுக்கவைத்து மூளையைப் படம் எடுத்தார்கள். மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புகொள்கின்றன என்று அதில் தெரியுமாம். சிலருக்குக் கிருமி அடங்கியிருந்தாலும் அந்தத் தொடர்பு தளர்ந்திருக்கலாம் என்று சந்தேகப்படுகிறார்களாம். ஒரே வீட்டில் இருந்துகொண்டு பேச்சுவார்த்தை இல்லாதவர்களைப் போலவா என்று கேட்டேன். டாக்டர் கொஞ்சம் யோசித்து, "அப்படியும் வெச்சுக்கலாம்" என்றார். பயிற்சி முடிந்ததும் மறுபடி படம் எடுத்து, பேச்சு திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். திரும்பும் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆராய்ச்சியே.

பயிற்சிக்கு ஒரு டேப் கொடுத்திருக்கிறார்கள், பெரிய போன் மாதிரி இருக்கும். திரையில் ஐந்து அம்புகள் வரிசையாக வரும். நடுவில் இருக்கும் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் தட்ட வேண்டும். மற்ற நான்கும் வேறு பக்கம் பார்த்து நம்மை இழுக்கும். சரியாக ஆடினால் அடுத்த படிக்குப் போகும், வேகம் கூடும். ஏறிய படி தானாக இறங்காது. தினமும் வேலை முடிந்து வந்து ஆடுகிறேன்.

முதலில் நன்றாக இருந்தது. பத்து நாளாக எல்லாம் தலைகீழ். அம்புகள் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. நேற்று ஆடியது இன்று அந்நியமாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று மோசமாகிறேன். உள்ளே ஒவ்வொரு விளக்காக யாரோ அணைத்துக்கொண்டு வருவதுபோல் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை. "எப்படிடி ஆடின?" என்று தினமும் கேட்கிறாள். "நல்லா ஆடினேம்மா" என்கிறேன். அவள் முகம் மலர்வதைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

உன்னிடம் எதுவும் கேட்பதற்காக எழுதவில்லை. யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.

உன் தங்கை


அன்புள்ள அண்ணாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வேலை அதிகமாக இருக்கும். அந்த ஊரில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் நேரம் காலம் ஏது? ஆனால் இந்தக் கடிதத்தை அப்படி விட்டுவிடாதே.

வெள்ளிக்கிழமை காலை அச்சகம் வரை போன பிறகுதான் அடையாள அட்டையை மறந்தது தெரிந்தது. திரும்பி வந்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழிடவில்லை. அம்மா ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் டேப். கம்பெனிக்குப் போகும் புடவையோடு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டியபடியே ஆடிக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் நின்றது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அம்பு தெரிவதற்குள் அவள் விரல் தட்டி முடித்திருந்தது. துணிக் கம்பெனியில் செக்கிங் மேசையில் இருபது வருடமாகக் கோணல் தையலைத் தேடிய கண் அது. சூப்பர்வைசர் அவளைப் பூதக்கண்ணாடி என்றுதானே கூப்பிடுகிறார்! கவனம் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று நின்று பார்த்தேன். கோபம் அப்புறம்தான் வந்தது.

உனக்குப் புரிகிறதா, அண்ணா? தினமும் காலையில் நான் கிளம்பியதும் அம்மா ஆடியிருக்கிறாள். அம்மா ஆட ஆடப் படி ஏறியிருக்கிறது. சாயங்காலம் நான் வந்து, அம்மா ஏற்றிவைத்த படியில் நின்றுகொண்டு, என் மூளை செத்துக்கொண்டிருக்கிறது என்று அழுதிருக்கிறேன்.

ஏம்மா இப்படிச் செய்தாய் என்று கத்தினேன். அவள் டேப்பைப் புடவையால் துடைத்தாள். "மார்க்கு கொறஞ்சா உன் பேரை நீக்கிடுவாங்க. பேர் நீக்கினா மாத்திரையையும் நிறுத்திட்டா என்னடி பண்றது?" என்றாள். மாத்திரை வேறு, ஆராய்ச்சி வேறு என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எல்லாம் ஒரே கட்டடம், ஒரே வெள்ளைக்கோட்டு. அவளுக்கு எப்படித் தெரியும்?

மறைத்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். ஆனால் அம்மா ஆடியதும் என் பெயரில்தான் போய்ச் சேரும். என்னைப் போன்ற மற்றவர்களுக்கு இந்தப் பயிற்சி பலன் தருமா என்று என் கணக்கையும் வைத்துத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். அதோடு, அந்தப் படியில் நான் ஆடி என்ன பயன்? மருத்துவமனைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

டேப்பைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்கம்மாவைத்தான் நாங்க படம் எடுத்துப் பார்க்கணும்" என்றாள். பிறகு டாக்டர் வந்தார். சிரிப்பு நின்றது. இதுவரை ஆடியதெல்லாம் செல்லாது. முதலிலிருந்து தொடங்கலாம், ஆனால் இந்த மாதக் கடைசிக்குள் தொடங்க வேண்டும். அடுத்த குழு எடுக்கும்போது எனக்கு வயது தாண்டிவிடும். ஒரு நிபந்தனையும் போட்டிருக்கிறார்கள். தினமும் நான் ஆடி முடியும்வரை ஒருவர் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும். என் நிலைமை தெரிந்தவராக இருக்க வேண்டும். அம்மாவாக இருக்கக் கூடாது. அங்கேயே வந்து ஆடுகிறேனே என்றேன். நான் வேலை முடிந்து போய்ச் சேர்வதற்குள் அந்தப் பிரிவைப் பூட்டிவிடுவார்களாம்.

"அக்கம்பக்கத்துல யாராவது? சிநேகிதி யாராவது?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. பேருந்தில் திரும்பி வரும்போது எனக்குத் தெரிந்த எல்லோரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மெஷின்காரர், நூலகத்து அம்மா, கூட வேலை செய்கிறவர்கள். ஒவ்வொருவரிடமும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முகமும் மாறியது. அப்பா போன பிறகு, அம்மாவையும் என்னையும் தவிர இது தெரிந்தவன் நீ ஒருவன்தான், அண்ணா.

அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. தட்டில் போட்டதைப் பிசைந்துகொண்டே இருக்கிறாள். நேற்றுப் பாத்திரம் துலக்கிக்கொண்டே, எனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், தனக்குச் சொல்வதுபோலவும் இல்லாமல், "குடுத்ததும் நான்தான், கெடுத்ததும் நான்தான்" என்றாள். நான் பாத்திரத்தை வாங்கித் துடைத்து வைத்தேன். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன், இப்படி ஒரு வரியை எதிலும் பார்த்ததில்லை.

இங்கிருந்து கிளம்பும்போது நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இவளை வெச்சுக்கிட்டு எனக்கு எப்படி ஒரு வாழ்க்கை அமையும்?" என்று கேட்டாய். அப்போது நான் குளியலறையில் இருந்தேன். அழுதுகொண்டிருக்கவில்லை, தலைதான் துவட்டிக்கொண்டிருந்தேன். அதை இத்தனை வருடம் யாரிடமும் சொன்னதில்லை. உன்மேல் கோபப்பட்டதும் இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்திருப்பேனா என்று தெரியவில்லை.

பயிற்சி முடிகிற வரைக்கும் மட்டும் வந்து இரு. இந்த ஊரிலும் லிஃப்ட்கள் பழுதாகின்றன, வேலை கிடைக்கும். கேட்கிறவர்களிடம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சொல். நீ டேப்பைத் தொட வேண்டாம். எதையும் தொட வேண்டாம். உன் நாற்காலியைக் கதவோரமாகப் போடுகிறேன், கதவைத் திறந்தே வைக்கிறேன். உனக்கென்று தனி டம்ளர் வேண்டுமானால் வாங்கிவைக்கிறேன், அதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். நான்தான் ஆடுகிறேன் என்று பார்த்தால் போதும். என்னைப் பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, என் விரலைப் பார்.

வர முடியாவிட்டால் அதையாவது எழுதிவிடு. இரண்டு வரி போதும். இரண்டு வரியென்றால் என்னால் இன்னும் முழுதாகப் படிக்க முடிகிறது.

உயரத்தில் வேலை செய்கிறவன், உடம்பைப் பார்த்துக்கொள். நீயாவது நன்றாக இருக்க வேண்டும்.

உன் தங்கை