மதிலோரச் செருப்பு வரிசை

பிப்ரவரி 4, செவ்வாய்

அரிமளத்தில் எங்கள் ஆஸ்பத்திரி, விராலிமலையில் இன்னொன்று. ஒரே அறக்கட்டளைதான். வீண் வேலையையும் வீண் காத்திருப்பையும் குறைக்கும் ‘லீன்’ முறை இரண்டிலும் வந்து மூன்று மாதம். சீட்டு வாங்கியவர் டாக்டரைப் பார்க்க அங்கே இருபது நிமிடமாம், இங்கே ஒன்றே முக்கால் மணி நேரம். மேனேஜர் ஜெரால்டு சார் எல்லார் முன்னாலும் கேட்டார், “அவங்களால முடியுது, ஒங்களால ஏன் முடியல சிஸ்டர்?”

நாங்கள் என்ன, பல்லாங்குழியா ஆடிக்கொண்டிருக்கிறோம்?

பிப்ரவரி 11, செவ்வாய்

சார் வழி கண்டுபிடித்துவிட்டார். டாக்டர் வரும்வரை கேட் பூட்டு. வந்த பிறகுதான் சீட்டு. சர்க்கரை நோயாளிகள் முதல் பஸ்ஸுக்கே வந்து, மதிலோரம் செருப்பை வரிசையாக விட்டு இடம் பிடித்துவிட்டு எதிர்ப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே ஹால் பளிச்சென்று காலி. போட்டோ எடுத்தார்கள்.

ஹால் பலகையில் அன்றைய சராசரிக் காத்திருப்பு இருபத்திரண்டு நிமிடம். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சர்க்கரை நோயாளி முனியாயி கேட்டுக்கு வெளியே விழுந்துவிட்டார். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர், பழக்கத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். உள்ளே இருந்திருந்தால் ஏழு மணிக்கே ரத்தம் எடுத்து இட்லி தின்ன அனுப்பியிருப்பேன். டாக்டர் வந்து கேட்டைத் திறந்த பிறகு, ஒன்பதே காலுக்குத்தான் தூக்கி வந்தார்கள். சர்க்கரை நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்தார்.

“கூப்புட்டிருக்கலாம்ல ஆத்தா?”

“சீட்டு இல்லாம உள்ள விட மாட்டாகன்னு சொன்னாகம்மா.”

மதிலோரம் போய்ப் பார்த்தேன். அவர் செருப்பு வரிசையில் ஏழாவதாகக் கிடந்தது.

இதில் கொடுமை என்ன? அவசரம் என்பதால் சீட்டு போட்ட நிமிடமே டாக்டர் பார்த்தார். காத்திருப்பு பூஜ்யம். அந்தக் கிழவி விழுந்ததில் இன்றைய சராசரி இன்னும் குறைந்திருக்கிறது. சார் அதையும் பலகையில் எழுதினார். மனுசனா இவரு? பெத்த தாயி அங்கிட்டு வெயில்ல கெடந்தா இப்புடித்தான் எழுதுவாரா?

பிப்ரவரி 25, செவ்வாய்

வாட்ச்மேன் அய்யாக்கண்ணு அண்ணனிடம் சாவி வாங்கி முதல் பஸ்ஸுக்கே நானே கேட்டைத் திறந்தேன். வந்தவருக்கெல்லாம் வந்த நேரத்தை எழுதிச் சீட்டு. மாத்திரை போட்டு வந்தவர்களுக்கு முதலில் ரத்தம் எடுத்தேன். எட்டு மணிக்கெல்லாம் எல்லோரும் சாப்பிட்டுவிட்டார்கள். முனியாயி எனக்கும் ஒரு வாழைப்பழம் தந்தார்.

சராசரி இரண்டரை மணி நேரம்.

“ஒங்களாலதான் நாம கடைசி, மேரி சிஸ்டர்.”

“போன வாரமும் இவ்வளவு நேரந்தான் காத்திருந்தாங்க சார். இன்னைக்குத்தான் எழுதியிருக்கோம்.”

மார்ச் 1

விராலிமலைக்கு மாற்றல். சிறப்பாகச் செயல்படும் கிளையில் நான் முறையைக் கற்றுக்கொள்ள வேண்டுமாம். கற்றுக்கொள்கிறேன். அங்கே நிஜமாகவே இருபது நிமிடம் என்றால் காலில் விழுந்துகூடக் கற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 4, செவ்வாய்

இருட்டோடு கிளம்பி, புதுக்கோட்டையில் பஸ் மாறி, விடியும்போது விராலிமலையில் இறங்கினேன்.

கேட் பூட்டியிருந்தது. மதிலோரம் நீளமாகச் செருப்பு வரிசை. நடுவில் ஒரு மஞ்சள் பை, பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்.

“டாக்டர் வந்தாத்தாங்க தொறப்போம்” என்றார் வாட்ச்மேன்.

சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன்.